எடுக்க எடுக்க ஊறும் கல்வி

ஏழாம் வகுப்பில் அறிவியல் பாடவேளை. ஒளிச்சேர்க்கை என்னும் பாடத்தை ஆசிரியை நன்றாகவே நடத்தி முடித்தார். கரும்பலகையில் இலையின் படம், வண்ணச் சுண்ணக்கட்டியால் அம்புக்குறிகள், இடையிடையே எளிய விளக்கங்கள். “புரிந்ததா?” என்று அவர் கேட்டபோது நாற்பத்தைந்து தலைகளும் ஒருசேர அசைந்தன. இரண்டு வாரங்கள் கழிந்தபின், “உணவு தயாரிக்க இலை எந்த வாயுவை எடுத்துக்கொள்கிறது?” என்று அதே ஆசிரியை கேட்டார். வகுப்பு மௌனமாயிற்று. நான்காம் வரிசையில் ஒரு சிறுவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தப் பாடத்தை வீட்டில் நான்கு முறை வாசித்தவன் அவன்.

நம் நாட்டின் எந்த ஊர்ப் பள்ளியிலும் காணக்கூடிய காட்சி இது. அந்த மௌனத்திலிருந்து இரண்டு தீர்ப்புகள் பிறக்கின்றன. “இந்தப் பிள்ளைகளுக்குக் கவனமே இல்லை” என்று ஆசிரியை எண்ணுகிறார். “எனக்குப் படிப்பு வராது” என்று சிறுவன் எண்ணுகிறான். முதல் தீர்ப்பு ஒரு நாள் மனத்தாங்கலோடு போய்விடும். இரண்டாவது தீர்ப்போ ஒரு வாழ்நாளையே சுருக்கிவிடக்கூடியது. ஆனால், நினைவைப் பற்றியும் மூளையைப் பற்றியும் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் ஆராய்ச்சி இவ்விரு தீர்ப்புகளையும் ஏற்கவில்லை. குறை பெரும்பாலும் பிள்ளையின் அறிவில் இல்லை. அவன் படித்த முறையில் இருக்கிறது. முறையை மாற்ற முடியும் என்பதுதான் இதில் உள்ள நற்செய்தி.

மறதியின் கணக்கு

ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ் நினைவைப் பற்றிய தம் நூலை 1885இல் வெளியிட்டார். பொருளற்ற அசைகளைப் பட்டியல் பட்டியலாக மனனம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறந்துபோகிறது என்று தம்மையே சோதனைப் பொருளாக்கிக் கணக்கிட்டவர் அவர். முதல் ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கும் மேல் மறந்துபோயிற்று. ஒரு நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போயிற்று. அதன்பின் மறதியின் வேகம் தணிந்தது; ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு எஞ்சியிருந்தது.

இதிலிருந்து ஆசிரியர் அறிய வேண்டியவை இரண்டு. முதலாவது, மறதி சோம்பலின் அடையாளம் அன்று. அது மனித மனத்தின் இயல்பு. இரண்டாவது, மறந்துபோனதாகத் தோன்றுவது முற்றிலும் அழிந்துவிடுவதில்லை. அதையே மீண்டும் கற்கும்போது முன்னைவிடக் குறைந்த நேரமே தேவைப்படுகிறது. அடித்தடம் உள்ளே இருக்கிறது. அதை நோக்கிச் செல்லும் பாதைதான் புல் மூடிக் கிடக்கிறது. நடந்தால் பாதை தெளியும்.

மூளையில் நிகழ்வது

இந்தப் பாதை வெறும் உவமை அன்று. மனித மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஒவ்வொன்றும் பல்லாயிரம் இணைப்புகளால் பிறவற்றோடு தொடர்பு கொண்டுள்ளது. கற்றல் என்பது பெரும்பாலும் இந்த இணைப்புகள் வலுப்பெறுவதும் மாறுவதுமே ஆகும். 2000ஆம் ஆண்டில் மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட எரிக் காண்டெல், அப்ளிசியா என்னும் கடல்வாழ் உயிரியிடம் இதனை ஆராய்ந்தார். ஒரு தூண்டுதலுக்குப் பின் தோன்றும் குறுகியகால நினைவில், இருக்கும் இணைப்புகளின் வலிமை மட்டும் சிறிது நேரம் மாறுகிறது. அதே தூண்டுதல் இடைவெளி விட்டுப் பலமுறை வந்தால், நரம்பணு புதிய புரதங்களை உருவாக்கிப் புதிய இணைப்புகளையே வளர்க்கிறது. நெடுங்கால நினைவுக்கு இந்த வளர்ச்சி வேண்டும். வளர்ச்சிக்குக் காலம் வேண்டும். ஒரே இரவில் ஊற்றும் பத்துக் குடம் நீரைவிட நாள்தோறும் ஊற்றும் ஒரு குடம் நீர் செடிக்கு உதவுவது போன்றதே இதுவும்.

எடுத்தலே கற்றல்

பாதையில் எப்படி நடப்பது? மீண்டும் மீண்டும் வாசிப்பதே வழி என்று மாணவரும் பெற்றோரும் நம்புகின்றனர். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் ஆகிய இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இந்த நம்பிக்கையை உரைத்துப் பார்த்தது. மாணவர்கள் ஒரு கட்டுரைப் பகுதியைப் படித்தனர். பின்னர் ஒரு பகுதியை மறுமுறை வாசித்தனர். மற்றொன்றை வாசிக்காமல், நினைவில் இருப்பதை எல்லாம் வெற்றுத் தாளில் எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுமுறை வாசித்ததே முந்தியது: 81 விழுக்காடு, எழுதிப் பார்த்ததற்கு 75 விழுக்காடு. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழாயிற்று. வாசித்ததில் நினைவில் இருந்தது 42 விழுக்காடு. எழுதிப் பார்த்ததில் 56 விழுக்காடு.

நான்காம் வரிசைச் சிறுவனின் புதிர் இங்கே விடுபடுகிறது. திரும்பத் திரும்ப வாசிக்கும்போது சொற்கள் கண்ணுக்குப் பழகிவிடுகின்றன. பழகியதைத் தெரிந்ததாக மனம் எடுத்துக்கொள்கிறது. புத்தகம் திறந்திருக்கும்வரை எல்லாம் தெரிந்ததுபோல் தோன்றும். மூடியபின்தான் உண்மை தெரியும். அவன் உழைத்தான் என்பதில் ஐயமில்லை. உள்ளே இடுவதற்கு நான்கு முறை உழைத்த அவன், வெளியே எடுப்பதற்கு ஒரு முறையும் பழகவில்லை.

இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. ஆர்தர் கேட்ஸ் என்னும் அமெரிக்க உளவியலாளர் 1917இலேயே பள்ளிப் பிள்ளைகளிடம் இதனைச் சோதித்தார். படிக்கும் நேரத்தில் பாதிக்கும் மேற்பட்ட பங்கைப் பார்க்காமல் சொல்லிப் பார்ப்பதில் செலவிட்டவர்களே, முழு நேரமும் வாசித்தவர்களைவிட நன்கு நினைவில் கொண்டனர். அயோவா மாநிலத்தில் ஆறாம் வகுப்பு மாணவர் 3,605 பேரிடம் ஹெர்பர்ட் ஸ்பிட்சர் நடத்தி 1939இல் வெளியிட்ட ஆய்வும், படித்தவுடன் வைக்கும் சிறு வினாத்தேர்வு மறதியைத் தடுக்கிறது என்று காட்டியது.

இவற்றுக்கெல்லாம் பல நூற்றாண்டுகள் முன்பே, பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார். ஆசிரியர் உரைத்ததை எவ்வளவு நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் மாணவன் பெறுவது புலமையில் கால் பங்குதான். உடன் பயில்வோரோடு சேர்ந்து பயில்வதால் இன்னொரு கால் பங்கு வரும். தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போதே எஞ்சிய அரைப் பங்கும் நிறையும். பின்னங்களை அப்படியே அளவாகக் கொள்ள வேண்டியதில்லை. அவை காட்டும் திசையே முக்கியம். கேட்பது தொடக்கம், எடுத்துரைப்பதே நிறைவு. கல்வியை, தோண்டத் தோண்ட நீர் ஊறும் மணற்கேணிக்கு வள்ளுவர் ஒப்பிட்டதையும் இங்கே நினைக்கலாம். எடுக்காத கேணி ஊறுவதில்லை.

வகுப்பறைக்கு ஏற்ற வழிகள்

இனி, இவ்வுண்மையை நாள்தோறும் நடைமுறைப்படுத்துவது எப்படி என்று பார்ப்போம். கீழ்க்கண்ட வழிகளுக்குக் கணினியோ திரையோ தேவையில்லை. ஐம்பது பேர் நெருங்கி அமர்ந்திருக்கும் வகுப்பிலும் இவை இயலும்.

1. முதல் ஐந்து நிமிடம்: பாடம் தொடங்குமுன் மூன்று வினாக்களைக் கரும்பலகையில் எழுதலாம். ஒன்று நேற்றைய பாடத்திலிருந்து, ஒன்று சென்ற வாரத்திலிருந்து, ஒன்று சென்ற மாதத்திலிருந்து. மாணவர் புத்தகத்தைப் பாராமல் ரஃப் நோட்டில் விடை எழுதட்டும். பின்னர் ஆசிரியர் விடைகளைச் சொல்ல, அவரவர் நோட்டை அவரவரே திருத்திக்கொள்ளட்டும். மதிப்பெண் வேண்டாம், பதிவேடும் வேண்டாம். மதிப்பெண் வந்தால் அச்சம் வரும். அச்சம் வந்தால் பக்கத்து நோட்டைப் பார்க்கும் பழக்கமும் வரும். இந்த ஐந்து நிமிடம் தேர்வு அன்று, நினைவுக்கான பயிற்சி.

2. கேட்டபின் காத்திருத்தல்: வினா கேட்ட ஆசிரியர்கள் விடைக்காகக் காத்திருக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு நொடிதான் என்று அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் கண்டறிந்தார். அதை மூன்று நொடிகளாக நீட்டியபோது விடைகள் நீண்டன, மௌனங்கள் குறைந்தன, மெதுவாகக் கற்பவர் எனக் கருதப்பட்டவர்களும் வாய் திறந்தனர். மூன்று நொடி என்பது மனத்திற்குள் மூன்று எண்ணும் நேரமே. இன்னொரு சிறு நுட்பமும் உண்டு. “சரவணா, இதற்கு விடை என்ன?” என்று பெயரை முதலில் சொன்னால் மற்றவர் அனைவரும் சிந்திப்பதை நிறுத்திவிடுவர். முதலில் வினா, பிறகு மௌனம், கடைசியில் பெயர் என்னும் வரிசையில் கேட்டால் ஐம்பது மனங்களும் தேடும்.

3. மூடிய புத்தகம், வெற்றுத் தாள்: பாடத்தின் முடிவில் புத்தகத்தை மூடச் சொல்லி, அன்று கற்றவற்றை நினைவிலிருந்து எழுதவோ படமாக வரையவோ மூன்று நிமிடம் தரலாம். பின் புத்தகத்தைத் திறந்து, விடுபட்டவற்றை வேறு நிற மையால் சேர்க்கட்டும். எது தெரியும், எது தெரியாது என்பதை மாணவன் தானே காண்கிறான். வீட்டில் எதைப் படிக்க வேண்டும் என்று அந்த வேறு நிற மையே சொல்லிவிடும்.

4. இடைவெளி விடுதல்: ஒரே வகைக் கணக்குகள் இருபதை ஒரே நாளில் போடச் செய்வதைவிட, நாள்தோறும் ஐந்தாக நான்கு வேறு நாட்களுக்குப் பிரித்துக் கொடுப்பது நல்லது. உழைப்பு அதேதான், பயன் மட்டும் கூடுகிறது. சற்று மறந்துபோன நிலையில் முயன்று எடுக்கும்போதுதான் நினைவு வலுப்படுகிறது.

5. கலந்து பயிற்றுதல்: பரப்பளவுப் பாடத்தில் எல்லாமே பரப்பளவுக் கணக்குகள், சுற்றளவுப் பாடத்தில் எல்லாமே சுற்றளவுக் கணக்குகள். இப்படிப் பழகியவன் தேர்வில் இரண்டும் கலந்து வரும்போது திகைக்கிறான். எந்தச் சூத்திரத்தை எங்கே பயன்படுத்துவது என்று தேர்ந்தெடுக்க அவன் பழகவே இல்லை. டக் ரோரர், கெல்லி டெய்லர் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர் நான்கு வகைத் திண்ம உருவங்களின் கன அளவைக் காணப் பழகினர். வகை வகையாகப் பிரித்துப் பழகியவர்கள் பயிற்சியின்போது 89 விழுக்காடு சரியாகச் செய்தனர். கலந்து பழகியவர்கள் 60 விழுக்காடே. ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ முன்னவர் 20 விழுக்காடு, பின்னவர் 63 விழுக்காடு. பயிற்சியில் தடுமாறுவது தோல்வியன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. வீட்டுப்பாடம் தரும்போது ஐந்தில் இரண்டு கணக்குகளைப் பழைய பாடங்களிலிருந்து எடுத்துச் சேர்த்தாலே போதும்.

6. சுமையை அளந்து வைத்தல்: புதிய செய்தி முதலில் வந்து தங்கும் இடத்தைச் செயல் நினைவு என்பர். அது மிகச் சிறிய திண்ணை. ஏறக்குறைய ஏழு செய்திகள் அதில் அமரலாம் என்று ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதினார். நான்கு என்பதே பொருத்தம் என்று நெல்சன் கோவன் 2001இல் எடுத்துக்காட்டினார். ஆகவே ஒரே மூச்சில் எட்டு வரையறைகளை அடுக்கினால் ஐந்தாவது வரும்போது முதலாவது திண்ணையிலிருந்து இறங்கிவிடும். பத்து நிமிடம் நடத்தியபின் சற்று நிறுத்தி, கேட்டதை மனத்தில் அடுக்க நேரம் தர வேண்டும். புதிய வகைக் கணக்கைக் கற்பிக்கும்போது, படிப்படியாகச் செய்துகாட்டிய மாதிரிகள் இரண்டு மூன்றை முதலில் காட்டி, அடுத்ததில் கடைசிப் படியை மட்டும் மாணவனிடம் விட்டு, பின் மெல்ல மெல்ல முழுவதையும் அவனிடம் ஒப்படைப்பது சிறந்தது.

7. அடுத்தவருக்குச் சொல்லுதல்: இருவர் இருவராகத் திரும்பி அமர்ந்து, ஒருவர் ஒரு நிமிடம் விளக்க, மற்றவர் கேட்டு ஒரு வினா எழுப்பட்டும். பிறகு முறை மாறட்டும். இதற்கு நம் மண்ணிலேயே ஒரு வரலாறு உண்டு. 1789 முதல் 1796 வரை சென்னை எழும்பூரில் ஓர் ஆதரவற்றோர் பள்ளியை மேற்பார்த்த ஆண்ட்ரூ பெல், இங்குள்ள பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் பள்ளியில் அந்த முறையைப் புகுத்தி, மூத்த மாணவரைக் கொண்டே இளையவர்க்குக் கற்பிக்கச் செய்தார். அதனை விவரித்து 1797இல் லண்டனில் அவர் நூல் வெளியிட, ‘மெட்ராஸ் முறை’ என்னும் பெயரில் அது பிரிட்டனெங்கும் பரவிற்று.

8. பிழையை வரவேற்றல்: முயன்று தவறான விடை சொன்னவன், உடனே சரியான விடையைக் கேட்டால் அதனை நன்கு பற்றிக்கொள்கிறான். ஆனால் திருத்தம் தவறாமல் வர வேண்டும். திருத்தப்படாத பிழை வேரூன்றும். அவமானமின்றியும் வர வேண்டும். கணக்கைக் கண்டு அஞ்சும் மாணவரின் செயல் நினைவில் ஒரு பகுதியை அந்த அச்சமே நிரப்பிவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. கேலிச் சிரிப்பு எழும் வகுப்பில் எந்த முறையும் பலிக்காது.

9. உறக்கத்தைக் காத்தல்: படித்தபின் உறங்கியவர்கள், விழித்திருந்தவர்களைவிடக் குறைவாக மறந்தனர் என்று ஜென்கின்ஸ், டாலன்பாக் ஆகியோர் 1924இலேயே காட்டினர். பகலில் பெற்றதை மூளை உறக்கத்தில் உறுதிப்படுத்துகிறது என்பதைப் பின்வந்த பல ஆய்வுகளும் கூறுகின்றன. தேர்வுக்கு முந்தைய இரவு கண்விழித்துப் படிக்கும் பிள்ளை, நட்டதை வேர்பிடிக்க விடாமல் பிடுங்குகிறான். இதைப் பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியர் எடுத்துச் சொல்வது அவசியம்.

ஒரு பாடவேளையின் அமைப்பு

நாற்பது நிமிடப் பாடவேளை ஒன்றை இவ்வாறு பிரிக்கலாம். நினைவுகூரும் மூன்று வினாக்களுக்கு ஐந்து நிமிடம். புதிய பாடத்தின் முற்பகுதிக்குப் பத்து நிமிடம். இருவர் இருவராகப் பேச மூன்று நிமிடம். பிற்பகுதிக்குப் பத்து நிமிடம். பழையதும் புதியதும் கலந்த பயிற்சிக்கு ஏழு நிமிடம். வெற்றுத் தாளில் எழுதிச் சரிபார்க்க ஐந்து நிமிடம். பாடத்திட்டத்தை முடிக்க நேரம் போதாது என்னும் கவலை எழுவது இயல்பே. ஆனால் மறந்துபோன பாடத்தை ஆண்டிறுதியில் மீண்டும் முதலிலிருந்து நடத்தும் வாரங்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மனப்பாடமும் நினைவுகூர்தலும்

இங்கு ஓர் ஐயம் எழலாம். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பொருளறியா மனப்பாடத்தைக் குறைத்துப் புரிதலை வளர்க்கச் சொல்கிறது. நினைவுகூரும் பயிற்சி அதற்கு எதிரானதா? அன்று. புரியாத வரியை அச்சில் உள்ளபடியே ஒப்பிப்பது மனப்பாடம். புரிந்ததைத் தன் சொல்லில், வேறு வரிசையில், வேறொரு சூழலில் எடுத்தாள்வது நினைவுகூர்தல். “ஒளிச்சேர்க்கை என்றால் என்ன?” என்ற வினாவோடு நிற்காமல், “இருட்டறையில் வைத்த செடிக்கு என்ன நேரும்? ஏன்?” என்றும் கேட்க வேண்டும். புரிதல் முதலில், எடுத்தல் பின்னர். எடுக்க எடுக்கப் புரிதலும் ஆழமாகும்.

மூளையின் பெயரால் உலவும் சில கட்டுக்கதைகளையும் ஒதுக்கிவிட வேண்டும். மனிதர் மூளையில் பத்து விழுக்காட்டையே பயன்படுத்துகின்றனர் என்பது பொய். இடப்பக்க மூளைக்காரர், வலப்பக்க மூளைக்காரர் என்று பிள்ளைகளைப் பிரிப்பதற்கு ஆதாரமில்லை. பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என வகைப்படுத்தி அதற்கேற்பக் கற்பித்தால் பயன் மிகும் என்பதற்கும் தகுந்த சான்று இல்லை என்று ஹெரால்டு பாஷ்லரும் உடனாய்வாளரும் 2008இல் ஆராய்ந்து எழுதினர். எல்லாப் பிள்ளைகளுக்கும் படமும் வேண்டும், சொல்லும் வேண்டும், செய்கையும் வேண்டும். ஒரு பிள்ளையின் நெற்றியில் வகைப்பெயரை ஒட்டுவது, ‘மந்தம்’ என்று ஒட்டுவதற்கு அதிகத் தூரத்தில் இல்லை.

தலை நிமிரும் நாள்

தொடக்கத்தில் கண்ட வகுப்பறைக்குத் திரும்புவோம். அதே ஆசிரியை மறுநாள் முதல் வேறொன்றும் செய்ய வேண்டாம். மூன்று வினாக்களோடு பாடத்தைத் தொடங்கட்டும். முதல் வாரம் சிறுவன் ஒன்றுக்கு விடை எழுதுவான், இரண்டு தவறும். தவறியதைத் தானே திருத்திக்கொள்வான். அதே வினா அடுத்த வாரம் வேறு வடிவில் வரும். சற்றுத் தேடி எடுப்பான். அதற்கடுத்த மாதம் தேடாமலே வரும். “எனக்குப் படிப்பு வராது” என்று அவன் தனக்கே எழுதிக்கொண்ட தீர்ப்பை உபதேசத்தால் அழிக்க முடியாது. தன் மனத்திலிருந்து தானே எடுத்த ஒரு சரியான விடை அதை அழிக்கத் தொடங்கும்.

நடத்தி முடித்த பாடத்தின் பக்கங்களை எண்ணுவதோடு ஆசிரியரின் கடமை தீர்ந்துவிடுவதில்லை. பிள்ளையின் உள்ளே என்ன தங்கியிருக்கிறது என்று பொறுமையோடு கேட்டு, விடை வரும்வரை மூன்று நொடி காத்திருப்பதும் அவர் பணியே. “புரிந்ததா?” என்னும் வினாவுக்குத் தலைகள் அசையும். “உனக்கு நினைவிருப்பதைச் சொல், பார்ப்போம்” என்னும் சொல்லுக்குத்தான் மனங்கள் அசையும்.